யார் வந்து கூப்பிட்டா? ஏட்டம்மா சண்முகத்தாய் நினைவாக

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழே காலுக்கு, அச்சன்புதூர்ப் பக்கம் வேலை பார்க்கும் கிராமச் செவிலியர் மைமூனிடமிருந்து தொலைபேசி வந்தது. அவர் எப்போதும் சனிக்கிழமை மாலையில்தான் அழைப்பார். கிழமை மாறி வந்த அழைப்பு என்பதால் எடுக்கும்போதே மனம் கலங்கியது. "ஏட்டம்மா போயிட்டாவ சார்" என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு?" என்பது. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் கல்லூரி நூலகராக இருந்தவனுக்கு, எந்தச் செய்தியும் பதிவேட்டில் ஏதாவது ஒரு கட்டத்தில் எழுதப்பட்டால்தான் உள்ளே இறங்குகிறது. மைமூன் கோபித்துக்கொள்ளாமல் சொன்னார். விடியும்முன் எழுந்து வாசல் தெளித்திருக்கிறார். காப்பி கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். தங்கை காப்பியோடு வந்தபோது உயிர் இல்லை.

இலஞ்சியில் அவர் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது சாரல் விழுந்துகொண்டிருந்தது. வாசலில் நின்றவர்களைப் பார்த்தால் எங்கள் பயிற்சி வகுப்பின் வருகைப் பதிவேடு உயிரோடு எழுந்து வந்ததுபோல் இருந்தது. நடத்துநர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், குற்றாலத்து லாட்ஜ் மேலாளர்கள், ரேஷன் கடைக்காரர்கள். இவர்களில் யார் எழுதினாலும் இந்த அஞ்சலி என்னுடையதைவிட உயிரோடு இருக்கும். ஆனால் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது. அதை அவரிடமே சொல்லியிருக்க வேண்டும். முடியாமல் போனதால் அவரை அறிந்த உங்களிடம் சொல்கிறேன்.

அறியாதவர்களுக்காகச் சில வரிகள். சண்முகத்தாய் காவல்துறையில் தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். தலைமைக் காவலரை இங்கே ஏட்டு என்பார்கள், அதனால் ஏட்டம்மா. பணிக்காலத்தில் பெரும்பகுதி, சீசன் தோறும், குற்றாலம் அருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் நின்றவர். கணவர் இளம் வயதிலேயே காலமானார். பிள்ளைகள் இல்லை. ஓய்வுக்குப் பின் தங்கை குடும்பத்தோடு இருந்தார். ஒரு தொண்டு அமைப்பு தென்காசியில் ஒரு பயிற்சியைத் தொடங்கியபோது நாங்கள் இருவரும் அதில் சேர்ந்தோம். யாரோ ஒருவரைக் குறிவைத்து ஒரு கொடுமை நடக்கப்போகிறது என்றால் அதற்கு முன்பே சில அடையாளங்கள் தெரியும். மக்களோடு தினமும் பழகும் பணியாளர்களுக்கு அவற்றைக் கண்டுகொள்ளக் கற்றுத்தருவதுதான் பயிற்சி. வெளிநாட்டுக் கையேடு ஒன்று இருந்தது. அதைத் தமிழாக்குவது என் வேலை. அதை வகுப்பில் பேசுவது ஏட்டம்மாவின் வேலை.

முதல் வகுப்பிலேயே என் தமிழ் தோற்றது. தீங்கு செய்ய நினைப்பவன் அதைப் பெரும்பாலும் யாரிடமாவது முன்கூட்டியே சொல்லிவிடுகிறான் என்பது கையேட்டின் முக்கியமான பாடம். அதற்கு அதில் இருந்த ஆங்கிலச் சொல்லை அகராதி பார்த்து "கசிவு" என்று பெயர்த்திருந்தேன். "குடும்பத்தில் கசிவு உள்ளதா எனக் கவனிக்கவும்" என்று ஏட்டம்மா வாசித்தார். அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் எழுந்து, தன் மையத்தில் மூன்று வருடமாகக் கூரை கசிவதாகவும் எத்தனை மனு கொடுத்தும் யாரும் வரவில்லை என்றும் சொன்னார். செவிலியர்கள் அதை உடம்புச் சமாச்சாரமாக எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு உட்கார இடம் தெரியவில்லை. ஏட்டம்மா என்னிடம் வந்து பொருளைக் கேட்டுக்கொண்டு திரும்பிப் போனார்.

"இது ஒண்ணுமில்ல, வாயை விடுததுதான். வெட்டப்போறவன் வீட்டுக்காரிட்ட சொல்ல மாட்டான், போலீஸ்ட்ட சொல்ல மாட்டான். டீக்கடையில சொல்லுவான், பஸ்ஸுல பக்கத்துல இருக்கவன்ட்ட சொல்லுவான். சொல்லாம அவனால இருக்க முடியாது. கேக்குதவுக நீங்கதான். ‘சும்மா சொல்லுதான்’னு நெனச்சுட்டு டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டுப் போயிராதிய."

அன்று மாலையே கையேட்டில் "கசிவு" என்ற சொல்லை அடித்துவிட்டு "வாய்விடுதல்" என்று எழுதினேன். அடித்தது நேராக வர வேண்டும் என்று அளவுகோல் வைத்தேன். அதைப் பார்த்து அவர் வெகுநேரம் சிரித்தார்.

குற்றாலத்து லாட்ஜ்காரர்களுக்கு நடந்த வகுப்பு பலருக்கு நினைவிருக்கும். ஓடிவந்து அறை எடுக்கும் இளஞ்ஜோடிகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் அவர்கள் வந்திருந்தார்கள். ஜோடியாக வருகிற எல்லோர் மீதும் தமக்குச் சந்தேகம்தான் என்று ஒரு மேலாளர் பெருமையாகச் சொன்னார். ஏட்டம்மா அவரை எழுந்து நிற்கச் சொன்னார்.

"ஜோடியப் பாக்காதீரும்வே. அதுக பாட்டுக்கு அருவியப் பாக்க வந்திருக்கும். ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒருத்தன் வருவான். ரூம் வேண்டாம்பான். ‘இப்படி ஒரு பிள்ளையும் பையனும் வந்தாங்களா, எங்க சொந்தக்காரப் பிள்ளைதான்’னு சிரிச்சிக்கிட்டே கேப்பான். அவனப் பாரும். அவன் கையில போட்டோ இருந்தா, வரலைன்னு சொல்லிட்டு மொதல்ல ஸ்டேஷனுக்குப் போனைப் போடும்."

"எங்களுக்குப் பொய் சொல்ல வராது ஏட்டம்மா" என்றார் அந்த மேலாளர்.

"வெந்நீர் இருபத்திநாலு மணி நேரமும் வரும்னு போர்டு போட்டிருக்கீரே" என்றார் இவர்.

அருவிக்கரையில் தான் கண்டவற்றை அவர் கதையாகச் சொல்ல மாட்டார். ஒவ்வொன்றாக, மருந்துச் சீட்டில் எழுதுவதுபோல் சொல்வார். நான் அவற்றை ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். "குளிக்கும்போது அழுதவளுக்குப் பாதித் துக்கம் போயிரும். குற்றாலம் வரைக்கும் வந்துட்டு நனையாம நிக்காளே, அவ கிட்டப் போய் நில்லுங்க. சேலைக்கு அடியில என்ன காயம் இருக்குன்னு அவளுக்குத்தான் தெரியும்." இன்னொன்றும் அந்த நோட்டில் இருக்கிறது. ஒருநாள் ஒரு கணவனும் மனைவியும் அருவிக்குக் கீழே வராமல், மேலே காட்டுப்பாதை பக்கம் போகக் கிளம்பினார்களாம். அவன் தோளில் பை. வழக்கமான சோதனையாகப் பையைத் திறந்து காட்டச் சொன்னார் ஏட்டம்மா. ஆணுக்கு மாற்றுத்துணி இருந்தது, துண்டு இருந்தது. பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. "ரெண்டு பேரு குளிக்க வந்திருக்காவ, ஒருத்தருக்குத்தான் மாத்துத் துணி. நான் அந்தப் பொம்பளையோட கையப் பிடிச்சிட்டேன் சார்." அவளைத் தன்னோடு உட்கார வைத்துக்கொண்டு, அவள் அண்ணனை வரவழைத்து அனுப்பிவைத்திருக்கிறார். பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஒன்றும் ஆகவில்லை என்றார். "ஆகாததுக்கு யாரும் கேஸ் எழுத முடியாது சார். மறந்துட்டுதான் போவாங்க."

இனி என் தவறைச் சொல்ல வேண்டும். இதில் வரும் சிலரின் பெயர்களையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன். தேடுகிறவர்கள் கையில் எதுவும் அகப்படாதபடி இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன்.

பயிற்சி முடித்த பணியாளர்கள் நிரப்புவதற்காக நான் ஒரு படிவம் தயாரித்தேன். இடப்பக்கம் ஆபத்துக் குறிகள். வலப்பக்கம் ஆறுதல் குறிகள். இடப்பக்கம் கூடினால் உடனே எங்களை அழைக்க வேண்டும். வலப்பக்கம் கூடினால் கவலை குறையலாம். ஆபத்துக் குறிகளில் முதலாவதாக, "பெற்றோர் ‘தலைமுழுகிவிட்டோம்’ என்று கூறுதல்" என எழுதியிருந்தேன். செத்தவருக்குத் தலைமுழுகுவதுபோல், உயிரோடிருக்கும் பிள்ளைக்கு ஒரு முழுக்குப் போட்டு உறவை அறுக்கும் அந்தச் சொல்லைவிடக் கொடுமையான சொல் எனக்குத் தெரியவில்லை. ஆறுதல் குறிகளில் மூன்றாவதாக, "பேசாதிருந்த குடும்பத்தார் மீண்டும் பேசி, வீட்டு விசேஷங்களுக்கு அழைத்தல்" என்று எழுதினேன். கையேட்டிலும் குடும்ப உறவு ஒரு பாதுகாப்பு என்றே இருந்தது. ஏட்டம்மாவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். தாளைக் கைநீட்டிப் பிடித்து வாசித்து, "நல்லா எழுதியிருக்கிய சார்" என்றார்.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை மைமூன் அழைத்தார். அவர் பகுதியில் செல்வி என்று ஓர் இளம்பெண் இருந்தாள். வேற்றுச் சாதிப் பையனைத் திருமணம் செய்துகொண்டு, வீட்டுக்குத் தெரியாமல் இங்கே வந்து வாடகைக்குக் குடியிருந்தவள். கணவன் சரக்கு ஆட்டோ ஓட்டினான். அவளுக்கு ஏழாவது மாதம். ஒரு வருடத்துக்கும் மேலாகப் பேசாதிருந்த வீட்டிலிருந்து தாய்மாமன் தேடி வந்திருக்கிறார். பழமும் பூவும் வைத்து, நடந்ததை மறந்துவிட்டோம், செவ்வாய்க்கிழமை வளைகாப்பு வைத்திருக்கிறோம், திங்கட்கிழமை காலை காரோடு வருகிறேன், பெண் முதலில் வரட்டும், மாப்பிள்ளை மறுநாள் வந்தால் போதும் என்று சொல்லிப் போயிருக்கிறார். மைமூன் படிவத்தில் ஆறுதல் குறியை நிரப்பியிருந்தார். சந்தோஷமாக இருந்தார். நானும்தான். பதிவேட்டில் செல்வியின் பெயருக்கு எதிரே, "ஆபத்து நீங்கியது" என்று எழுதி, கீழே கோடு போட்டேன்.

மறுநாள் காலை அதை ஒரு நல்ல செய்தியாகச் சொல்லத்தான் இலஞ்சிக்குப் போனேன். ஏட்டம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு கேட்டார்:

"யார் வந்து கூப்பிட்டா?"

தாய்மாமன் என்றேன்.

"அம்மா வரலியா?"

தெரியவில்லை என்றேன். அப்படி ஒரு கேள்வி என் படிவத்தில் இல்லை.

"வளைகாப்புன்னா அது அம்மை வீட்டு விசேஷம் சார். ஆம்பிள ஒத்தையா வந்தா கூப்பிடுவான்? அதுவும் செவ்வாக்கெழமையில? கூட ஒரு பொம்பள வரல்ல. மாப்பிள்ளை மறுநா வந்தாப் போதுமாம்." கீரைச் சுளகைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். "நானும்தானே வாசிச்சேன் அந்தத் தாளை. கண்ணாடி இல்லாம வாசிச்சேன்."

அதன் பிறகு அவர் செய்ததை நான் ஒருநாளும் யோசித்திருக்க மாட்டேன். காவல் நிலையத்துக்குப் போகவில்லை. அந்தப் பெண்ணின் ஊரில் வளையல் விற்கும் அம்மாள் யார் என்று விசாரித்தார். மூன்று தொலைபேசி அழைப்புகளில் ஆள் கிடைத்துவிட்டார். தன் உறவுக்காரப் பெண்ணுக்கு வளையல் வேண்டும் என்று பேச்சைத் தொடங்கி, செவ்வாய்க்கிழமை உங்கள் ஊரில் ஒரு வளைகாப்பு இருக்கிறதாமே, அந்த வேலை முடிந்ததும் வருவீர்களா என்று கேட்டார். அந்த அம்மாள் சொன்ன பதில் தொலைபேசிக்கு வெளியே எனக்கும் கேட்டது.

"செவ்வாக்கெழமையா? எங்கூர்ல எனக்குத் தெரியாம எவ கையில வளை ஏறும்? அப்படி ஒரு விசேசமும் கிடையாதே."

அன்று பிற்பகலே இருவரும் ஆட்டோவில் போனோம். மைமூன் அங்கே காத்திருந்தார். நான் வாசலோடு நின்றுவிடலாம் என்று நினைத்தேன். ஏட்டம்மா என் தோளில் தட்டி உள்ளே வரச் சொன்னார். செல்வி தலைக்குக் குளித்து, பையில் துணி அடுக்கி வைத்திருந்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. நாங்கள் நினைப்பது தவறாக இருந்தால்? ஒரு பெண்ணுக்கும் தாய்க்கும் நடுவில் நிற்க நாங்கள் யார்?

ஏட்டம்மா பயமுறுத்தவில்லை. நல்லா இருக்கியா தாயி, குழந்தை அசையுதா என்றெல்லாம் கேட்டார். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். செல்வியின் முகம் மாறியது.

"எங்கம்மா எனக்கு வளை போடக் கூப்பிடுதா. அதுக்குப் போகாதேன்னு சொல்லவா நீங்க இம்புட்டு பேரு வந்திருக்கிய?"

"போகாதேன்னு நான் சொல்லல்ல. போனைப் போட்டு அம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பேசு. ‘வா மக்கா’ன்னு அவ வாயால சொல்லட்டும். நானே ஒன்னைக் கொண்டுபோய் விடுதேன்."

செல்வி மாமனுக்கு அழைத்தாள். அம்மா கோயிலுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். அரை மணி கழித்து மறுபடி அழைத்தாள். அம்மா குளித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். மூன்றாம் முறை ஏட்டம்மாவின் யோசனைப்படி, அம்மா பேசினால்தான் வருவேன் என்று செல்வி சொன்னாள். தொலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்திருந்தோம். பிறகு அந்தத் தாயின் குரல் வந்தது. அதை நான் அன்றே எழுதிவைத்தேன்.

"எனக்கு எவளும் மக கிடையாது. ஒன்னை நான் தலைமுழுகி வருசம் ஒண்ணாச்சு. இந்த வாசல்ல நீ காலை வச்சா நான் கயித்துல நாண்டுக்கிட்டு நிப்பேன். வராதே."

பின்னால் ஓர் ஆண்குரல் கத்தியது. இணைப்பு அறுந்தது.

செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் படிவத்தின்படி மிகப்பெரிய ஆபத்துக் குறி அதுதான். ஏட்டம்மா அவளருகே உட்கார்ந்து தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொள்ளப் போனார். "ஒங்கம்மா ஒன்னைக் காப்பாத்திட்டா தாயி. அவளுக்கு வேற வழி கெடைக்கல்ல" என்றார். செல்வி அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"அவ சொன்னது ஒங்க காதுலயும் விழுந்துச்சுல்லா? அவ தலைமுழுகிட்டாளாம். நீங்க வந்து கெளப்பாம இருந்தா நான் போய்க் கால்ல விழுந்திருப்பேன். உங்களுக்குப் பிள்ளை இருக்கா? உங்களுக்கு என்ன தெரியும்?"

ஏட்டம்மா மைமூனிடம் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

சொல்ல வேண்டிய இடங்களில் சொன்னோம். உதவியும் கிடைத்தது. அன்று மாலைக்குள் கணவனும் மனைவியும் வேறோர் ஊருக்குப் போய்விட்டார்கள். திங்கட்கிழமை காலை ஒரு கார் வந்து, பூட்டிய வீட்டின் முன் நின்றுவிட்டுப் போனதாக அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். அவ்வளவுதான் தெரியும். அதில் யார் யார் இருந்தார்கள், என்ன கொண்டுவந்தார்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. நான் படிவங்கள் அத்தனையையும் திரும்ப வாங்கி, வலப்பக்கத்துப் பட்டியலை முழுவதும் நீக்கினேன். அந்த இடத்தில் ஏட்டம்மா சொல்லச் சொல்லக் கேள்விகளை எழுதினேன். யார் வந்து கூப்பிட்டது? கூடப் பெண்கள் வந்தார்களா? வேறு யாருக்கெல்லாம் அழைப்பு போயிருக்கிறது? அழைக்கப்படுபவரை ஏன் தனியாக வரச் சொல்கிறார்கள்? இன்று எங்கள் பணியாளர்கள் கையில் இருக்கும் படிவம் அதுதான்.

எல்லோரும் அவரைத் துணிச்சல்காரி என்பார்கள். துக்க வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த ஏட்டம்மா அந்த நாளுக்குப் பிறகு ஆறு வருடம் ஒரே கேள்வியை என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது கேட்பார். தென்காசியில் பேருந்துக்கு நிற்கும்போது கேட்பார். "சார், அந்தப் பிள்ளை விசயத்துல நாம செஞ்சது சரிதானா? அந்த மாமன் நெசமாவே நல்ல மனசோட வந்திருந்தா? வளைகாப்பை ஊருக்குத் தெரியாம வீட்டோட வைக்கலாம்னு நெனச்சிருந்தா? தாயையும் மகளையும் பிரிச்சது நானா இருந்தா?" ஒருமுறை இதையும் சொன்னார்: "அவ கேட்டது சரிதானே. பெத்தவளுக்குத்தானே தெரியும்." ஆனாலும் மறுவாரம் இன்னொரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார். "தப்பா இருந்தா அவ உயிரோட இருந்து என்னை வையட்டும் சார்" என்பார்.

காலமாவதற்குப் பத்து நாள் முன்பும் கேட்டார். நான் எப்போதும்போல், "உறுதியாகச் சொல்ல முடியவில்லையே ஏட்டம்மா" என்றேன். அது உண்மை. சரிதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆதாரம் இல்லாததைச் சொல்லக்கூடாது என்று என் படிப்பு சொன்னது. அந்தப் படிப்பைப் பற்றி இப்போது எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் இடத்தில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி ஒதுங்கி நின்றிருந்தார். ஏட்டம்மாவோடு வகுப்பெடுக்கும் நூலகர் நான்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஏட்டம்மாவைத் தமக்குத் தெரியாது என்றார். தம் ஊரில் வளையல் விற்கிறவள்தான், ஆறு வருடம் முன்பு இலஞ்சி ஏட்டம்மா உன் மகளின் வளைகாப்பைப் பற்றி விசாரித்தார் என்று வெகுகாலம் கழித்து இரகசியமாகச் சொன்னாளாம். இன்றைக்குப் பண்பொழி மலைக்கோயிலுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

யாரோடு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். தனியாகத்தான் என்றார். இருந்தாலும் வாசலுக்குப் போய்த் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தேன். உங்கள் மகள் எங்கே இருக்கிறாள் என்று என்னால் சொல்ல முடியாது அம்மா என்றேன்.

"சொல்லாதீங்க. தெரிஞ்சா எங்கிட்ட இருந்து பிடுங்கிருவாவ. அவ அப்பா போன வருசம் போயிட்டாவ. எந்தம்பி இன்னும் இருக்கான். அன்னைக்கு ரெண்டு பேரும் பேசிக்கிட்டது என் காதுல விழுந்துச்சு. கார்ல ஏறினா அவ வீடு வந்து சேரமாட்டா. போனை என் கையில குடுத்துட்டு, ‘வான்னு சொல்லு’ன்னு ரெண்டு பக்கமும் நின்னாவ. எனக்கு வேற ஒண்ணும் தோணல சார்."

பிறகு அவர் வந்த காரியத்தைக் கேட்டார்.

"நான் அன்னைக்குச் சொன்னதை அவ நம்பிட்டாளா?"

நம்பவில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அவள் நம்பிவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். மைமூன் மூலமாக எப்போதாவது தகவல் வரும். அவளுக்குப் பெண் குழந்தை, ஒன்றாம் வகுப்புப் படிக்கிறது. அம்மா என்ற பேச்சையே அவள் எடுப்பதில்லை. இதற்குமுன் என்றால், தெரியவில்லை என்று சொல்லி ஒதுங்கியிருப்பேன். அன்று, "நான் நேரில் போய்ச் சொல்லிவிடுகிறேன் அம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்குப் புரிந்தது.

மைமூனிடம் சொல்லி, செல்வியின் சம்மதம் கேட்டுக்கொண்டு, சென்ற வாரம் போனேன். எழுபத்தைந்து வயதில் தனியாக அவ்வளவு தூரம் போவது எனக்குச் சிரமம். வழியில் இரண்டு இடத்தில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். தாயின் வார்த்தைகளை மறந்துவிடாதபடி தாளில் எழுதி வைத்திருந்தேன். அவள் வீட்டில் உட்கார்ந்து அதை அப்படியே வாசித்தேன். செல்வி இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். இரண்டாம் முறை "எனக்கு வேற ஒண்ணும் தோணல" என்ற இடம் வந்ததும் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு, ஏட்டம்மாவுக்கு இது தெரியுமா என்று கேட்டாள். தெரியாமலே போய்விட்டார் என்றேன்.

"நான் அவங்களைப் பிள்ளை இருக்கான்னு கேட்டுட்டேனே" என்றாள்.

நானும் அவரிடம் ஒன்று சொல்லாமல் விட்டவன்தான் என்று மட்டும் சொன்னேன்.

ஏட்டம்மாவைத் தெரிந்த நண்பர்களே, அவருடைய துணிச்சலை நீங்கள் எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள். அது எனக்குப் பொருந்தாது. நான் எடுத்துக்கொண்டது அவருடைய சந்தேகத்தை. எனக்கும் வாழ்நாளெல்லாம் சந்தேகம் உண்டு. அது வந்தால் நான் உட்கார்ந்துவிடுவேன். அவர் அதைக் கூடவே அழைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறுவார். சரிதானா, சரிதானா என்று கேட்டபடியே போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார். நான் அதை ஒரே ஒருமுறை, சென்ற வாரம்தான், செய்து பார்த்திருக்கிறேன்.